ஆறாவது நிமிஷத்துல மாட்டின வாத்து

…ஒரு குழந்தைங்க படம் டீச்சர், மொத்தமே எண்பத்தெட்டு நிமிஷம், அதுக்காகக் கூடப் பொறந்தவ மூணு மாசமா மூஞ்சி குடுத்துப் பேசாம இருப்பாளா? நீங்களே சொல்லுங்க. இல்ல இல்ல, நீங்க சொல்ல வேண்டாம். நர்ஸ் சொன்னாங்க, நீங்க பள்ளிக்கூட டீச்சராம், தொண்டைல ஆபரேஷன் ஆகி ஒரு வாரம்தான் ஆகுதாம், வாயத் தொறக்கக் கூடாதாம். தலைய ஆட்டினாப் போதும். நோட்டு வச்சிருக்கீங்க, சரி, ரொம்ப அவசியம்னா எழுதுங்க. எனக்கும் பாருங்க, தகரத்த இழுக்கற மாதிரி இருக்கு குரல். மூணு வாரமா இப்படித்தான். எதனாலன்னு டாக்டர் கண்டுபிடிக்கட்டும். எனக்குத் தெரியும், ஆனா அவர் கண்டுபிடிக்கட்டும்.

நான் குரல் குடுக்கறவ டீச்சர். வேற பாஷைல வர்ற படத்துக்கெல்லாம் தமிழ்ல பேசறது. இருபத்திரண்டு வருஷம் ஆச்சு. அழற அம்மா, மிரட்டற மாமியார், நாலு ராணி, ரெண்டு பேய். ஒரு சோப்பு விளம்பரத்துல அழுக்குச் சட்டையாக் கூட பேசியிருக்கேன். என் தங்கச்சி எழுதறவ. அந்தப் படங்களுக்கெல்லாம் தமிழ்ல வசனம் எழுதறது அவ. எனக்கு எட்டு வயசு சின்னவ. அவ எழுதுவா, நான் பேசுவேன். சமையல்ல ஒருத்தி காய் நறுக்கி இன்னொருத்தி தாளிக்கற மாதிரி வச்சுக்குங்களேன். நறுக்கறவளுக்கு வேலை ஜாஸ்திதான், நான் இல்லன்னு சொல்லல. ஆனா தெரு வரைக்கும் மணக்கறது தாளிக்கறதுதானே.

இந்தப் படம் என்னன்னா, கார்ட்டூன். துப்பறியற கதை. தியேட்டர்லயே போடல, நேரா வீட்டுக்கு. டிவில அமுக்கினா வந்துடும். பள்ளிக்கூட லீவுல பசங்க உக்காந்து பாக்கட்டும்னு கம்பெனிக்காரங்க கணக்கா அந்த நேரத்துல விட்டாங்க. ஒரு துறைமுக ஊரு, எல்லாரும் மிருகம். அங்க கோபுரத்துல தொங்கற மணிய ஒரு ராத்திரி யாரோ திருடிடறாங்க. ஒரு ஆமை துப்பறியுது. கூட ஒரு அணில் குட்டி. கடைசில பாத்தா, ஊருக்கே செல்லமான ரொட்டிக்கடை வாத்தம்மாதான் திருடி. மணிச் சத்தத்துல அவளோட குஞ்சுங்க தூங்க மாட்டேங்குதுன்னு கழட்டி, ரொட்டி சுடற அடுப்புக்குள்ள ஒளிச்சு வச்சிருக்கா. பாவம்தான். அந்த வாத்தம்மா நான்தான்.

தங்கச்சி அதுக்கு நாலு மாசம் எழுதினா. சாப்பாட்டு மேஜைல லேப்டாப்பு, பக்கத்துல ஒரு ஸ்டாப்வாட்ச்சு. அந்தப் படத்துல வாத்து எப்பெப்ப அலகு மூடுதோ அப்பல்லாம் ப, ம வர்ற மாதிரி வார்த்தை போடணுமாம். இவ என்ன பண்ணுவான்னா, கண்ணாடி முன்னாடி நின்னு வாத்து மாதிரி வாயக் குவிச்சுக்கிட்டு ஒவ்வொரு வரியா சொல்லிப் பாப்பா. அவ புருஷன் ஆபீசுக்குக் கெளம்பறப்ப, "போயிட்டு வரேன்"னு கண்ணாடிய பாத்துத்தான் சொல்வாரு. அந்தப் பக்கம் இவ திரும்பினாத்தானே. ஒண்ணு ஒத்துக்கணும், நல்லா எழுதுவா. மணி காணாமப் போன அன்னிக்குக் காலைல காவல்காரன் நாய் "மணி போச்சு, மணி போச்சு"ன்னு கத்திக்கிட்டே ஓடும். ஊர்ல இருக்கறவங்க, ஐயோ நேரமாயிடுச்சுன்னு நெனச்சு பாதி குளியல்ல எந்திரிச்சு வேலைக்கு ஓடுவாங்க. அது மூலப்படத்துல கிடையாது டீச்சர். அங்க வேற ஏதோ ஜோக்கு, நமக்குப் புரியாது. இவளா யோசிச்சது. நீங்க சிரிக்கறீங்க பாருங்க. சிரிக்காதீங்க, தையல் பிரிஞ்சுடப் போகுது.

சரி, கதைக்கு வரேன். படத்தோட ஆரம்பத்துல, அந்தத் திருட்டு நடக்கறப்ப, திருடன் முகமூடி போட்டுக்கிட்டு வருவான். இருட்டு. ஆணா பொண்ணான்னே தெரியக்கூடாது. நாயைப் பாத்து ஒரே ஒரு வரி பேசுவான். மூலப்படத்துல அதுக்குன்னு தனியா ஒரு ஆம்பளைய வச்சுப் பேச வச்சிருக்காங்க. யாரும் வாத்த சந்தேகப்படக் கூடாதுல்ல. நம்மகிட்டயும் ஒருத்தர் இருக்காரு, கனத்த குரல், பீப்பாய்க்குள்ளேருந்து பேசற மாதிரி இருக்கும், பீப்பாய்னுதான் அவரையே கூப்பிடுவோம். அவரு அன்னிக்குப் பாத்துக் காய்ச்சல்ல படுத்துட்டாரு. ரெண்டு நாள் பொறுத்தா வந்திருப்பாரு. எதுக்குப் பொறுக்கணும்? நான் இருக்கேன்ல? "ஒரு வரிதானே, நானே பேசிடறேன்"னு சொன்னேன். சவுண்டுக்காரத் தம்பி மெஷின்ல போட்டு ஆம்பளக் குரலா மாத்திட்டான். அருமையா இருந்துச்சு. எங்க வீட்டுக்காரருக்கே போட்டுக் காட்டினேன், "யாருடி இது, லாரி டிரைவரா"ன்னு கேட்டாரு.

அதுல ஒரு வார்த்தை எப்படியோ உள்ள பூந்துடுச்சு டீச்சர். அதான் வினை.

படம் வந்த அன்னிக்குத் தங்கச்சி வீட்டுல எல்லாரும் கூடிட்டோம். சனிக்கிழமை காலைல பத்து மணி. அந்தக் கட்டடத்துல இருக்கற பசங்க அத்தனையும் வந்துட்டாங்க, ஒம்போதோ பத்தோ. ஜன்னல்ல போர்வையக் கட்டி இருட்டாக்கினோம். தங்கச்சி புருஷன் பெரிய குண்டான்ல சோளப்பொரி பொரிச்சுக் கொண்டு வந்தாரு. தங்கச்சி நல்ல புடவை கட்டியிருந்தா. வீட்டுக்குள்ளயே. ஏன்னு கேட்டதுக்கு, "என் பேரு திரைல வரும்ல அக்கா"ன்னா. வந்துச்சு. ஒரு நொடி. பசங்க கைதட்டினாங்க. இவ எழுந்து நின்னுட்டா, என்னமோ மேடைல கூப்பிட்ட மாதிரி, அப்புறம் வெக்கப்பட்டு உக்காந்தா.

ஆறாவது நிமிஷம், முகமூடி வருது. நாய் உறுமுது. முகமூடி குனிஞ்சு அந்த லாரி டிரைவர் குரல்ல சொல்லுது: "படு. சத்தம் போடாத, என் வெல்லக்கட்டி."

தங்கச்சிக்கு ஒரு பொண்ணு, ஏழு வயசு. வாண்டுன்னுதான் கூப்பிடறது. அது வாய்ல சோளப்பொரியோட திரும்பி என்னைப் பாத்துச்சு. "பெரியம்மா, இது நீதானே"ன்னுச்சு. நான், "சும்மா பாரு, அது யாரோ மாமா"ன்னேன். "இல்ல, நீதான். நீதான் வெல்லக்கட்டி சொல்லுவ"ன்னுச்சு. பிள்ளைய நான் பொறந்ததுலேருந்து அப்படித்தான் கூப்பிடறேன், அதுக்குன்னு இப்படியா. பக்கத்து வீட்டுப் பையன் ரிமோட்ட எடுத்து பின்னாடி ஓட்டிட்டான். அதான் வீட்டுல படம் பாக்கறதுல இருக்கற கஷ்டம். தியேட்டர்ல ஒரு தடவ காதுல விழுந்தா போச்சு. இங்க அஞ்சு தடவ போட்டுக் கேட்டாங்க. என் வெல்லக்கட்டி, என் வெல்லக்கட்டி, என் வெல்லக்கட்டி. எனக்கே அலுத்துப் போச்சு.

அப்புறம் மூணு நிமிஷம் கழிச்சு ரொட்டிக்கடை வருது. வாத்தம்மா மாவுக் கையோட வந்து அணில் குட்டியைப் பாத்து, "வா குட்டி, என் வெல்லக்கட்டி"ன்னு சொல்றா. பத்துப் பிள்ளைங்களும் ஒரே குரல்ல, "திருடி."

இன்னும் எழுபத்தொம்போது நிமிஷம் இருக்கு டீச்சர் படம். ஆமை பூதக்கண்ணாடி வச்சுக்கிட்டு ஊரெல்லாம் தேடுது. மீன்காரப் பூனையை விசாரிக்குது. இந்தப் பசங்க, "அங்க இல்ல, அடுப்பத் தொறந்து பாரு"ன்னு டிவிக்கு வழி சொல்லிக்கிட்டு இருக்காங்க. தங்கச்சி என்னைத் திரும்பிப் பாக்கல. திரையவே பாத்துக்கிட்டு, புடவை முந்தானைய மடிச்சு மடிச்சு விரல் அகலத்துக்குக் கொண்டு வந்துட்டா.

அது அந்த ஒரு வீட்டோட நின்னிருந்தா பரவால்ல. எல்லா வீட்டுலயும் அதே கதை. யாரோ ஒரு அம்மா கம்பெனியோட இணையப் பக்கத்துல எழுதிப் போட்டுட்டாங்க: "துப்பறியும் படமாம். தமிழில் எழுதியவர் ஒன்பதாவது நிமிடத்திலேயே திருடியைக் காட்டிக் கொடுத்துவிட்டார். என் மகன் மீதிப் படத்தில் தூங்கிவிட்டான்." அதுக்குக் கீழ நூறு பேரு, ஆமாம் ஆமாம்னு. பேசினவளப் பத்தி யாரும் ஒண்ணும் சொல்லல, அதச் சொல்லணும். வாத்தம்மா குரல் இனிமைன்னு ரெண்டு பேரு எழுதியிருந்தாங்க.

அடுத்த வாரம் கம்பெனில கூப்பிட்டாங்க. எங்க மேனேஜரு நெட்டையா இருப்பாரு, நெட்டைன்னுதான் பேரு. பெரிய மேஜை, நடுவுல ஒரு தட்டுல பிஸ்கட். படத்துல பேசினத அப்படியே டைப் அடிச்சு வச்சிருந்தாரு. ரெண்டு இடத்துல மஞ்சக் கோடு. "இந்த வார்த்தை ரெண்டு பேருக்கும் வந்திருக்கு. முகமூடிக்கும் வாத்துக்கும். துப்பறியற படத்துல இத எப்படி எழுதலாம்"னு கேட்டாரு. தங்கச்சியப் பாத்துத்தான் கேட்டாரு.

என்ன எழுதறீங்க? காட்டுங்க… "அந்த வார்த்தைய யார் சேர்த்தது?"

அட, அதுவா. அது… பாருங்க டீச்சர், முகமூடி போட்ட ஆளு. வாயே தெரியாது. வாய் தெரியாத பாத்திரம் கெடைக்கறது எங்க தொழில்ல அதிர்ஷ்டம், எவ்வளவு வேணா பேசலாம். அவ எழுதியிருந்தது, "படு. சத்தம் போடாத." அவ்வளவுதான், மொட்டையா. அதுக்கப்புறம் நாய் வால ஆட்டுது, ஒரு ரெண்டு நொடி காலியாக் கெடக்கு. அந்த எடம் என்னைக் கூப்பிட்டுச்சு. சேத்துட்டேன். நல்லாருந்துச்சு, அந்தத் தம்பியும் கட்டை விரலத் தூக்கிக் காட்டினான். வாத்துக்கும் மூணு நாள் முன்னாடி அதையே சேத்திருந்தேன். அலகு ரெண்டு தடவ கூடுதலா ஆடுச்சு, அதுக்காக. முகமூடிக்குச் சொன்னப்ப அது ஞாபகமே இல்ல. சத்தியமா இல்ல. அன்னிக்குத் தங்கச்சி கூட இருந்திருந்தா நிறுத்தியிருப்பா. வாண்டு பள்ளிக்கூடத்துல ஏதோ கூப்பிட்டாங்கன்னு போயிட்டா. அப்ப அவ பேருலயும் கொஞ்சம் தப்பு இருக்குல்ல? … சரி. விடுங்க.

அந்த ரூம்ல என்ன ஆச்சுன்னா, தங்கச்சி பைக்குள்ள அவ கைப்பட எழுதின பிரதி இருந்துச்சு. எனக்குத் தெரியும், எந்த வேலைக்கும் அதத் தூக்கிக்கிட்டுத்தான் வருவா. எடுத்து மேஜைல போட்டிருந்தா முடிஞ்சுது. பையத் தொறக்கப் போனா. ஜிப்பு மேல கை வச்சா. அப்புறம் என்னைப் பாத்தா. கோவமெல்லாம் இல்ல. நீயே சொல்லுக்கான்னு இருந்துச்சு அந்தப் பார்வை. நான் என்ன பண்ணேன்னா, பிஸ்கட்டப் பாத்தேன். மேல சர்க்கரை தூவினது. அதுல எத்தனை ஓட்டை இருக்குன்னு எண்ணினேன் டீச்சர். பதினெட்டு.

நெட்டை, "எழுதினவங்கதானே பொறுப்பு"ன்னாரு. தங்கச்சி பைலேருந்து கைய எடுத்துட்டா. "சரிங்க"ன்னா. அவ்வளவுதான் பேசினா.

எனக்குச் சொல்லத் தோணாம இல்ல. இப்ப சொல்லலாம், இந்த வரி முடியட்டும், இவரு மூச்சு விடட்டும்னு பாத்துக்கிட்டே இருந்தேன். எங்க தொழில்ல எப்ப வாயத் தொறக்கணும்னு ஒரு சிவப்பு விளக்கு எரியும். அங்க எதுவும் எரியல. கூட்டம் கலைஞ்சு போச்சு.

கீழ வர்றப்ப லிஃப்ட்டுல நாங்க ரெண்டு பேருதான். அந்தக் கட்டடத்து லிஃப்ட்டுல வர்ற குரல் என்னுது, ஆறு வருஷம் முன்னாடி பேசிக் குடுத்தது. "தரைத்தளம். கதவு திறக்கிறது"ன்னு நானே சொல்றேன். தங்கச்சி அந்த ஒலிபெருக்கிய நிமிந்து பாத்துட்டு, "எல்லா இடத்துலயும் நீதான்க்கா பேசற"ன்னா. வெளில போயிட்டா. அதுதான் கடைசியாப் பேசினது. கம்பெனி அதுக்கப்புறம் அவளுக்கு வேலை குடுக்கல. இப்ப மிக்சி, கிரைண்டர் கூட ஒரு சின்ன புத்தகம் வரும்ல, எப்படி உபயோகிக்கறதுன்னு, அதுக்கு எழுதிக்கிட்டு இருக்கா. மூடியைச் சரியாகப் பொருத்தவும். அந்த மாதிரி.

இதோட முடிஞ்சிருந்தாக் கூட நான் இன்னிக்கு இங்க உக்காந்திருக்க மாட்டேன். வேடிக்கையக் கேளுங்க. ரெண்டு மாசம் போச்சு. கம்பெனிக்காரங்க கணக்குப் பாத்தா, தமிழ்ல மட்டும் பசங்க அந்தப் படத்த நாலு தடவ, அஞ்சு தடவ பாக்கறாங்களாம். மத்த பாஷைல ஒரு தடவதான். திருடி யாருன்னு தெரிஞ்சப்புறம் அதுல என்ன இருக்குன்னு விட்டுடறாங்க. இங்க பசங்களுக்கு மொதல்லயே தெரியும், ஆமைக்குத்தான் தெரியாது. அது வாத்துக்கிட்டயே போய், "அம்மா, திருடனைப் பாத்தீங்களா"ன்னு கேக்கறப்ப பசங்க உருண்டு பொரண்டு சிரிக்குதாம். தெருவுல ஒண்ண ஒண்ணு வெல்லக்கட்டின்னு கூப்பிட்டுக்குதாம். நெட்டை எனக்குப் போன் பண்ணாரு. ரெண்டாம் பாகம் அங்க எடுத்து முடிச்சாச்சாம், அதுல வாத்தம்மாதான் முக்கியம். "அந்த ஒரு வார்த்தைதாங்க படத்தத் தூக்கி நிறுத்திடுச்சு. உங்க தங்கச்சிய நாங்க அவசரப்பட்டு அனுப்பிட்டோம், அவங்களக் கூப்பிட்டுப் பாராட்டணும்"னாரு.

நான் சொன்னேன்… டீச்சர், அப்படிப் பாக்காதீங்க. யாரா இருந்தாலும் சொல்லியிருப்பாங்க. "அது அவ எழுதல சார், நானாச் சேத்தது"ன்னேன். உடனே. அவரு வரிய முடிக்கறதுக்குள்ள.

அந்தப் பக்கம் ஏதோ காகிதம் பொரட்டற சத்தம். அப்புறம், "அப்படியா. அன்னிக்குச் சொல்லலையே"ன்னாரு. நான் ஏதோ சிக்னல் சரியில்லன்னேன்.

அந்த மனுஷன் நேர்மையானவரு. தங்கச்சிக்குப் போன் போட்டு மன்னிப்புக் கேட்டு, ரெண்டாம் பாகம் நீங்கதான் எழுதணும்னிருக்காரு. இவ என்ன சொன்னாளாம் தெரியுமா? "எங்க அக்காவே எழுதட்டும் சார். அவதான் நல்லாச் சேக்கறா"ன்னாளாம். குத்தலாச் சொல்லியிருக்கா, அது அவருக்குப் புரியல. நல்ல யோசனைன்னு எடுத்துக்கிட்டாரு. என்கிட்ட வந்து சொன்னப்ப எனக்கும் புரியாத மாதிரி இருந்துட்டேன். எழுதறேன்னு ஒத்துக்கிட்டேன்.

மூணு வாரம் ஆச்சு டீச்சர். நாலு வரி எழுதியிருக்கேன். காலைலேருந்து கண்ணாடி முன்னாடி நிக்கறேன், வாயக் குவிச்சுக்கிட்டு சொல்லிச் சொல்லிப் பாக்கறேன். அலகு மூடற எடத்துல எனக்கு அ வருது, தொறக்கற எடத்துல ம வருது. ஒரு நாளைக்கு ஆறு மணி நேரம், ஏழு மணி நேரம், ஒரே வரி. தொண்டை இப்படி ஆனது அதனாலதான். அவ நாலு மாசம் இதச் செஞ்சப்ப அவ குரலுக்கு ஒண்ணும் ஆகல, எப்படின்னு தெரியல. அவ மெதுவாச் சொல்லிப் பாப்பாளோ என்னமோ. நான் கவனிச்சதில்ல.

என்ன எழுதறீங்க… "தங்கச்சியைப் போய்ப் பார்த்தீர்களா?"

பாத்தேனே. நேத்திக்குப் போனேன். சொல்லணும்னுதான் போனேன், வழியெல்லாம் பஸ்ஸுல ஒத்திகை பாத்துக்கிட்டே. "அன்னிக்கு அந்த ரூம்ல நான் வாயத் தொறந்திருக்கணும்." அவ்வளவுதான் வரி. சின்ன வரி. மணிய அடிச்சேன். அவதான் தொறந்தா. கைல ஏதோ காகிதம், காதுல பேனா. உள்ள வான்னு சொல்லல, போன்னும் சொல்லல. கதவப் புடிச்சுக்கிட்டு நின்னா. காத்துக்கிட்டு இருந்தா டீச்சர். எவ்வளவு நேரம்னா, பக்கத்து வீட்டம்மா குப்பையக் கொண்டு போய்க் கொட்டிட்டுத் திரும்பி வந்துட்டாங்க, அவ்வளவு நேரம். நான் வாயத் தொறந்தேன். "அந்த அணில் கேள்வி கேக்கற எடத்துல வாத்துக்கு ஒரு வரி வரவே மாட்டேங்குது, கொஞ்சம் பாரேன்"னு வந்துச்சு. ஏன் அது வந்துச்சுன்னு எனக்கே தெரியல.

அவ கதவெல்லாம் அறையல. மெதுவாத்தான் சாத்தினா. உள்ளேருந்து வாண்டு, யாரும்மான்னு கேட்டுச்சு. என்ன பதில் சொன்னான்னு காதுல விழல.

சரி, போனது போகட்டும். நீங்க எந்தப் பாடம் எடுக்கறீங்க டீச்சர்? தமிழா? தலைய ஆட்டினீங்களே, தமிழ்தானே. நெனச்சேன், நோட்டுல எழுத்து அச்சு மாதிரி இருக்கு. இந்தாங்க, பைலதான் வச்சிருக்கேன், ஒரே ஒரு வரி. அணில் கேக்குது, "நீங்க ஏன் அப்பவே உண்மையைச் சொல்லல"ன்னு. அதுக்கு வாத்து பதில் சொல்லணும். ஒம்போது தடவ அலகு ஆடுது, மூணாவதுல ஒரு ப வேணும். நீங்கதான் பேச வேண்டாமே, சும்மாத்தானே உக்காந்திருக்கீங்க, இந்தக் காகிதத்துலயே…

எங்க எந்திரிக்கறீங்க? இன்னும் பதினொண்ணாம் டோக்கனே டாக்டர் ரூமுக்குள்ளதான் இருக்காங்க. அந்தக் கடைசி நாற்காலில ஃபேன் காத்து வராது டீச்சர். டீச்சர்.